31-வது வளைவில் கழன்ற பிரேக் பேட்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கும். சைக்கிளில் ஏறுகிறவனுக்கு அந்தப் பலகைதான் எதிரி. இறங்குகிறவன் அதைக் கவனிப்பதே இல்லை. எங்கள் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் 31 என்ற பலகையை மட்டும் இன்னும் மறக்கவில்லை. அங்கேதான் அவருடைய முன் பிரேக் போனது.

வண்டி சாதாரணமானதுதான். முன்னால் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்துக்கும் ஷிமானோ என்ற சைக்கிள் பாக நிறுவனத்தின் ஆரம்ப நிலை ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் வட்டு, அதாவது ரோட்டர், 160 மில்லிமீட்டர். அதை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துவதுதான் பேட். பழைய பேட் தேய்ந்துவிட்டது, மலைக்குப் போகும் முன் மாற்றிவிடு என்று சொன்னது நான்தான். அவர் இணையத்தில் இரண்டு பாக்கெட் வாங்கி, முந்தின நாள் இரவு முன் சக்கரத்துக்கு மட்டும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு வந்தார். எந்தக் கடையில் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இறங்கும்போது நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன். வளைவு எண் நாற்பதுகளில் வரும்போதே ஒரு கருகல் நாற்றம். புது பேட் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். 31-க்குச் சற்று மேலே லீவரைப் பிடித்ததும் அது நேராகக் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் இரண்டு மூன்று முறை அமுக்கியதும் கொஞ்சம் பிடித்தது, கூடவே இரும்பை இரும்பால் அறுக்கும் சத்தம். பின் பிரேக்கை இறுக்கி, வண்டியை மலைப் பக்கத்து ஓடைக்குள் இறக்கிவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. எதிர்ப் பக்கம் போயிருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும். கீழே போகிற ஒரு குட்டியானை அவரையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தது.

முதலில் நான் தப்பாக நினைத்தது

மாலையில் வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தது. நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. குழுவில் இருப்பவர்களின் வண்டிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொடுப்பேன், அவ்வளவுதான். லீவர் கைப்பிடி வரை வந்தது என்றதும் எண்ணெய் சூடாகி ஆவிக் குமிழி கட்டிவிட்டது, இல்லாவிட்டால் குழாயில் காற்று இருந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி வருகிறவர்களுக்கு அது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் ஆவிக் குமிழி என்றால் ஆறியதும் லீவர் பழையபடி கெட்டியாக வேண்டும். மூன்று மணி நேரம் ஆறிய பிறகும் இந்த வண்டியில் பிடித்தால் கரகரவென்ற இரும்பு உரசல்தான். சக்கரத்தைக் கழற்றி, பின்னை உருவி, பேட்களை வெளியே எடுத்தேன். பேட் என்பது ஒரு தகடும், அதன் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பொருளான லைனிங்கும். ஒன்றில் லைனிங்கே இல்லை, வெறும் தகடு. இன்னொன்றில் லைனிங் இருந்தது. குறுக்கே விரிசல் விட்டு, ஒரு முனை தகட்டிலிருந்து எழும்பி நின்றது. அந்த இடைவெளியில் போஸ்ட் கார்டு நுழைந்தது.

அப்போதுதான் லீவர் ஏன் கைப்பிடி வரை வந்தது என்று புரிந்தது. லைனிங் உதிர்ந்த பக்கம் திடீரென்று இடைவெளி கூடிவிட்டது. அந்த இடைவெளியைக் கடந்து, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வர ஒரு அமுக்கு போதாது. இரண்டு மூன்று அமுக்கில் பிஸ்டன் முன்னேறி, வெறும் தகடு ரோட்டரைத் தொட்டிருக்கிறது. இரும்பை இரும்பு அறுத்த சத்தம் அதுதான். எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

உதிர்ந்த லைனிங் எங்கே என்று கேட்டேன்.

“எங்கயோ ரோட்டுலதான்ணா கிடக்கும்.”

தம்பி மேல் தப்பு இல்லையா?

டூப்ளிகேட் என்று உடனே முடிவு கட்டவில்லை. நல்ல பேட்டையும் கெடுக்க வழிகள் உண்டு, அதில் இரண்டை அவர் செய்திருந்தார்.

ஒன்று, புது பேட்டைப் பழக்கவில்லை. புதிதாக மாட்டியதும் சமதளத்தில் ஓட்டி, நிற்கும் அளவுக்குப் போகாமல் பலமுறை பிடித்துப் பிடித்து விட வேண்டும். லைனிங்கிலிருந்து ஒரு மெல்லிய படலம் ரோட்டரில் ஒரே சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். அவர் இரவு மாட்டிவிட்டுக் காலையில் மலைக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது, பிரேக்கைப் பிடித்த பிடி விடவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 90 கிலோ. உச்சியிலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 440 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்; வளைவுக்கு வளைவு மெதுவாக வருகிறவனுக்கு மீதி எல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். அதைத் தாங்க வேண்டியது கட்டைவிரல் நக அளவுள்ள நான்கு பேட் துண்டுகளும் இரண்டு ரோட்டர்களும். நேர்ப் பாதையில் விட்டு, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, மறுபடி விட்டால் ரோட்டருக்கு ஆற நேரம் கிடைக்கும். இவர் விடவே இல்லை. ரோட்டர் நீலம் பாய்ந்திருந்தது.

சரி, இவ்வளவு செய்தால் நல்ல பேட் என்ன ஆகும்? பிடிப்பு குறையும், நாறும், மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கும். உப்புத்தாளில் தேய்த்து மறுபடி பயன்படுத்தலாம். ரொம்பக் கெட்டுப்போனால் தூக்கி எறியலாம். ஆனால் முதல் நாளே, லைனிங் முழுதாக இருக்கும்போதே அது தகட்டை விட்டுக் கழன்று விழாது. பழைய பேட்டில் துரு ஏறித் தகடும் லைனிங்கும் பிரிந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். இதற்கு வயது பதினான்கு மணி நேரம்.

நல்லவேளை, இரண்டாவது பாக்கெட் பிரிக்காமல் இருந்தது.

மேசையில்

பாக்கெட்டில் ஷிமானோ பெயரும் பி-01-எஸ் என்ற எண்ணும் இருந்தன. ரெசின் வகை பேட். ஒப்பிட்டுப் பார்க்க, அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கி நான் வைத்திருந்த புது ஜோடி ஒன்று. அப்புறம் என் வண்டியிலிருந்து கழற்றிய பாதி தேய்ந்த ஒரிஜினல்.

கண்ணால் பார்த்தவரை ஏமாறக்கூடிய வேலைதான். வடிவம் சரி, துளை சரி. லைனிங்கின் விளிம்புதான் முதலில் உறுத்தியது. ஒரிஜினலில் அது வெட்டி வைத்த மாதிரி நேராக நின்றது. இதில் ஓரங்கள் பொடிந்து, ஒரு மூலையில் நகத்தால் கீறினால் கருப்புத் தூள் விரலில் ஒட்டியது. வெர்னியர் வைத்து நான்கு மூலையிலும் மொத்தத் தடிமனை அளந்தேன். ஒரிஜினலில் நான்கும் ஒன்றுபோல இருந்தன. இதில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அப்படிப்பட்ட பேட் ரோட்டரில் சாய்வாகப் பதியும், ஒரு பக்கம் மட்டும் சூடேறும்.

இரண்டு பேட்டுக்கும் நடுவில் வந்து அவற்றை விலக்கிவைக்கும் வில்கம்பி இன்னும் மோசம். விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் திரும்பி விரிய வேண்டும். இது அழுத்திய இடத்திலேயே மடங்கிக் கிடந்தது. வில்லெஃகுக்குப் பதில் ஏதோ தகரம். கம்பி விரியாவிட்டால் லீவரை விட்ட பிறகும் பேட் ரோட்டரை உரசிக்கொண்டே இருக்கும், சூடு இறங்க வழியே இல்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தில், லைனிங் அதன் தகட்டில் உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆளும் வண்டியுமாக 100 கிலோ; லீவரில் 180 நியூட்டன் விசை, அதாவது சுமார் 18 கிலோ தொங்கவிட்டது போல; அப்படிப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அதையே கொஞ்சம் நாட்டுத்தனமாகச் செய்தேன். பேட்டை என் பழைய வண்டியில் மாட்டி, தம்பியை மேலே உட்கார வைத்து, லீவரைப் பலம் கொண்ட மட்டும் பிடிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை! குளிர்ந்த நிலையில் அந்த டூப்ளிகேட் தாராளமாகத் தாங்கியது. வீட்டுத் தெருவில் ஓட்டிப் பார்த்து “நல்லாத்தான் பிடிக்குது” என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தெருவில் கொல்லிமலை இல்லை, அவ்வளவுதான்.

பிறகு பேட்டை வைஸில் கவ்வி, தகடும் லைனிங்கும் சேரும் இடத்தில் மெல்லிய உளியை வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டினேன். இரண்டாவது தட்டில் லைனிங் முழுத் துண்டாக எகிறியது. சுவரில் ஊதிப்போன பெயின்ட் பெயருமே, அந்த மாதிரி. கீழே இருந்த தகடு வழவழப்பாக, முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கியது. பசை இருந்ததற்கு அடையாளமாக நடுவில் மட்டும் ஒரு பழுப்புத் திட்டு.

புது ஒரிஜினலை உடைக்க மனம் வரவில்லை. பாதி தேய்ந்ததை வைஸில் வைத்தேன். அதே உளி, அதே தட்டு. லைனிங்கின் ஓரம் சில்லு சில்லாக உடைந்தது, ஆனால் தகட்டை விட்டு வரவில்லை. கடைசியில் பலமாக அடித்து உடைத்தபோதுகூட முறிவு லைனிங்கின் உள்ளேதான் ஓடியது. தகட்டின் மேல் ஒரு கருப்பு அடுக்கு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அதை அரத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தேன். தகடு சொரசொரப்பாக இருந்தது.

அந்தச் சொரசொரப்பில்தான் விஷயம். ரெசின் பேட் என்றால் நார், உலோகத் துகள், நிரப்பிகள் எல்லாவற்றையும் பிசினோடு கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் தகட்டின் மேல் பதிய வைப்பது. முதலில் தகட்டின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும், பிறகு பசை, பிறகு அழுத்தி வேகவைக்கும் நேரம். மூன்றும் செலவு, மூன்றும் வெளியே தெரியாதவை. போலி செய்கிறவன் கை வைப்பதும் இந்த மூன்றில்தான். வழவழத் தகட்டில் ஒட்டிய அரைவேக்காட்டுப் பிசின், முதல் தடவை நன்றாகச் சூடேறும்போது இளகி, வாயுவைக் கக்கி, பிடியை விட்டுவிடும். நாற்பதுகளில் வந்த கருகல் நாற்றம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கார் பேட்களில் லைனிங்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்த்து இதே ஒட்டுதலைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 6312 என்று தனித் தரமே வைத்திருக்கிறார்கள். என் உளிக்கும் வைஸுக்கும் அந்தத் துல்லியம் கிடையாது. ஆனால் ஒன்று பெயர்ந்து வந்தது, மற்றது உள்ளே முறிந்தது. இந்த வேறுபாட்டைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

தம்பியின் ஓட்டும் முறைதான் சூட்டைக் கிளப்பியது, அதை அவரிடமே சொன்னேன். ஆனால் சூட்டில் கழன்றது பேட்டின் குறை.

அட்டைப்பெட்டி எதையும் சொல்லாது

இந்த விஷயத்தைக் குழுவில் போட்டதும் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். பெட்டியின் எழுத்தைப் பார், நிறத்தைப் பார், எடை போடு, காந்தம் வை. எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

காந்தம் இரண்டிலும் ஒட்டியது. இரண்டுக்குமே தகடு எஃகுதான். எடையில் மிகச் சிறிய வித்தியாசம். பாதி தேய்ந்த பேட் எடை குறையும் என்பதைத் தவிர அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. பெட்டியில் எழுத்துப்பிழை இருந்தால் சந்தேகப்படலாம். பிழை இல்லாததால் நிம்மதி அடைய முடியாது. ஒரு பேட்டில் நகலெடுக்க மிகச் சுலபமான பகுதி அட்டைதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரிஜினலே அடிக்கடி மாறும். இதே பேட் பி-01-எஸ் ஆக இருந்து, பிறகு பி-03-எஸ் வந்தது, அதற்கும் பிறகு பி-05-எஸ். பெட்டியின் அமைப்பும் மாறிக்கொண்டே வருகிறது. “நான் மூன்று வருடம் முன்னால் வாங்கியது இப்படி இல்லையே” என்பதை வைத்து ஒன்றைப் போலி என்று தள்ளிவிட முடியாது. பெட்டியே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் வந்தாலும் போலி என்று அர்த்தமில்லை. பணிமனைகளுக்கென்று மொத்தமாக வரும் பேட்கள் சில்லறைப் பெட்டியில் வருவதில்லை. நல்ல மெக்கானிக் டப்பாவிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மாட்டுவதைப் பார்த்து அவரைச் சந்தேகப்பட்டு, மினுமினு பெட்டியில் வந்த டூப்ளிகேட்டை வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே கடைகளில் “டூப்ளிகேட்” என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு சரக்கைக் குறிக்கிறார்கள். அதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஷிமானோ காலிப்பருக்கு, அதாவது பேட் உட்காரும் கவ்விக்கு, பொருந்தும்படி இன்னொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரில் செய்து விற்கும் பேட் போலி இல்லை. அது மாற்று. விலை குறைவாக இருக்கலாம், சீக்கிரம் தேயலாம், ஆனால் கெட்டுப்போனால் கேட்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அடுத்தவன் பெயரை அச்சடித்து வருவதுதான் போலி. கையில் பணம் குறைவு என்றால் தன் பெயரைப் போட்டிருக்கும் மலிவான பேட்டை வாங்கு என்றுதான் யாருக்கும் சொல்வேன். பெரிய பெயர் போட்ட மலிவு பேட்டைத் தொடவே வேண்டாம். தம்பி கொடுத்தது ஜோடிக்கு 180 ரூபாய். அங்கீகாரக் கடையில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆகும். தள்ளுபடி என்ற பெயரில்கூட அந்த இடைவெளி வராது.

டிஸ்க் இல்லாத வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டையிலும் இதே கதைதான். அங்கே லைனிங் கழலாது, ரப்பர் கல்லாகிக் கிடக்கும். நகத்தை அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும். வழுக்கினால் மழையில் அது நிறுத்தாது. கேபிள் செட்டில் இன்னும் ஆபத்தான ஒன்று உண்டு. பிரேக் கேபிளின் வெளியுறைக்குள் கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறைக்குள் கம்பிகள் நெடுக ஓடும். நெடுக ஓடும் உறை பிரேக்கின் அழுத்தத்தில் வெடித்துப் பிளந்துவிடும். உறையை வெட்டிய முனையைப் பார்த்தாலே தெரியும்: ஒரு வளையம் தெரிந்தால் பிரேக், சுற்றிலும் புள்ளிகளாகக் கம்பி முனைகள் தெரிந்தால் கியர். பெயர் போட்ட மலிவு செட்டில் பிரேக்குக்குக் கியர் உறையை வைத்து அனுப்பியதை ஒருமுறை என் கையாலேயே பிரித்திருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது

பாக்கெட்டை மறுபடி புரட்டியபோது கண்ணில் பட்ட ஒன்றை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். இந்தியாவுக்குள் முறையாக இறக்குமதியாகிச் சில்லறையில் விற்கும் பாக்கெட்டில், 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருடம் எல்லாம் இருக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரிஜினலில் வெள்ளை ஸ்டிக்கராக அது ஒட்டியிருந்தது. தம்பியின் பாக்கெட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. வெளிநாட்டிலிருந்து நண்பர் பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல பேட்டிலும் இந்த ஸ்டிக்கர் இருக்காது என்பது உண்மை. ஆனால் இங்கே கடை போட்டு விற்கிறவன் பாக்கெட்டில் அது இல்லையென்றால், “யார் கொண்டுவந்தது?” என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்று பொருள்.

அந்தக் கேள்விதான் எனக்கு இப்போது முதல் சோதனை. வெர்னியரும் உளியும் சேதம் ஆன பிறகு வருபவை. உளியால் பெயர்த்துப் பார்த்த பேட்டை யாரும் மாட்ட முடியாது. வாங்கும்போது கேட்கக்கூடியது இது ஒன்றுதான்: யாரிடமிருந்து வாங்கினீர்கள், பில் உண்டா, அந்தப் பில்லில் பொருளின் எண் இருக்கிறதா. பில்லில் “சைக்கிள் பார்ட்ஸ்” என்று மட்டும் எழுதித் தருகிறவரிடம் பிரேக் சாமான் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

புகார் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 103, 104 பிரிவுகளில், பொய்ச் சின்னம் இடுவதற்கும் அப்படிப்பட்ட சரக்கை விற்பதற்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணைய விற்பனைத் தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. தம்பி பேட், தகடு, ரோட்டர், முழங்கை எல்லாவற்றையும் படம் எடுத்துத் தளத்துக்கு அனுப்பினார். புகார் எண் வந்தது. பதினோராம் நாள் பதிலும் வந்தது: இரண்டு பாக்கெட்டையும் பிரிக்காத நிலையில் திருப்பி அனுப்பினால் பணம் தரப்படும்.

“பிரிக்காம எப்படிண்ணா டூப்ளிகேட்னு தெரியும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த விற்பனையாளரின் பக்கம் அந்த வாரமே மறைந்தது. பிறகு வேறொரு கடைப் பெயரில் அதே படம், அதே மேசை விரிப்பு, விலை மட்டும் 20 ரூபாய் கூடுதலாக வந்திருந்தது.

ரோட்டரை அளந்தேன். புதியதில் 1.8 மில்லிமீட்டர் இருக்கும், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். வெறும் தகடு அறுத்த இடத்தில் 1.4. புது ரோட்டரும் அங்கீகாரக் கடை பேட்டும் போட்டு, வண்டியை வெளிவட்டச் சாலையில் காலி நேரத்தில் ஓட்டி, முப்பது தடவை பிடித்து விடச் சொன்னேன். இந்த முறை எண்ணி எண்ணிச் செய்தார். பணத்துக்காகப் பேட்டைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். அனுப்பினால் அந்த மிச்சமிருப்பதை மறுபடி பாக்கெட்டில் போட்டு இன்னொருத்தருக்கு விற்பார்களாம். 360 ரூபாய் போகட்டும் என்று விட்டுவிட்டார்.